கறி சாப்பிடுவதும் விடுவதும்: வியாசர்பாடித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு வியாசர்பாடியில், வேலை கிண்டிப் பக்கம். கோழிப் பண்ணையையும் அறுப்பையும் காட்டுகிற ஒரு வீடியோவைப் பார்த்த பிறகு ஆறு மாதமாகக் கறி, மீன் எதையும் தொடவில்லை, முட்டை மட்டும் எப்போதாவது. ஆபீஸில் "நல்ல முடிவு, இப்பதான் சுத்தமா மாறியிருக்க" என்று தட்டிக்கொடுக்கிறார்கள். தெருவில் "பெரிய எடத்து ஆளாயிட்டியா" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மா அழுகிறார். மனிதர்கள் எதற்காகக் கறி சாப்பிடுகிறார்கள், எதற்காக விடுகிறார்கள், இதில் எந்தக் காரணம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் உணவியல் படித்தவள். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்வது என் வேலை. வளர்ந்தது புளியந்தோப்பில், ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டிக்கு நடந்து போகிற தூரத்தில். மீனும் கறியும் சாப்பிடுகிறவள். இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

என் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கறியை விடுவதற்கு நல்ல காரணம் உண்டு, சாப்பிடுவதற்கும் உண்டு. உங்கள் காரணம் நல்ல காரணம்தான். ஆனால் ஆபீஸில் உங்களைப் பாராட்டியவர்கள் அந்தக் காரணத்துக்காகப் பாராட்டவில்லை. ஒரு உயிரைக் கொல்ல மனம் வரவில்லை என்பது ஒன்று. கறி சாப்பிடுகிறவன் அழுக்கு என்பது முற்றிலும் வேறொன்று. இரண்டையும் ஒரே இலையில் பரிமாறிவிடுகிறார்கள், அதனால்தான் உங்களுக்கும் குழப்பம், அம்மாவுக்கும் அழுகை.

முதலில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம், ஏனென்றால் இந்தியா என்றாலே காய்கறி சாப்பிடுகிற நாடு என்ற நினைப்பு நம் ஆட்களிடமே இருக்கிறது. 2014-ல் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 71 சதவீதம் பேர் அசைவம் என்று வந்தது. தமிழ்நாட்டில் அது 97 சதவீதத்துக்கு மேல். ராஜஸ்தானில் முக்கால்வாசிப் பேர் சைவம், ஹரியானா, பஞ்சாபில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கம். ஆக, ஒருவர் கறி சாப்பிடுவாரா மாட்டாரா என்பதை அவர் யோசித்து எடுத்த முடிவைவிட எந்த ஊரில், எந்த வீட்டில் பிறந்தார் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உங்களைப் போல வளர்ந்த பிறகு யோசித்து மாறுகிறவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் ஏன் சாப்பிடுகிறாய் என்று கேட்டால் யாருக்கும் உடனே பதில் வருவதில்லை. கேட்ட பிறகுதான் காரணம் தேடுகிறோம்.

அப்படித் தேடிச் சொல்கிற காரணங்களை, 2015-ல் வெளியான ஒரு உளவியல் ஆய்வு நான்கு வகையாகப் பிரித்தது. மனிதனுக்கு இது இயற்கை, எல்லோரும் செய்வதுதான், உடம்புக்கு அவசியம், ருசியாக இருக்கிறது. மேல்நாட்டு ஆட்களிடம் கேட்டு எடுத்த ஆய்வு அது. நம் ஊர்ப் பக்கம் இந்த நான்கும் உண்டு, ஆனால் நான்குக்கும் முன்னால் காசு நிற்கிறது.

ஆட்டுக்கறி கிலோ எண்ணூறு, தொள்ளாயிரம் என்று விற்கும்போது கொருக்குப்பேட்டையில் நாலு பேர் உள்ள ஒரு வீடு என்ன வாங்கும்? பிராய்லர் கோழி அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விலை. மாட்டுக்கறியும் ஆட்டுக்கறியைவிட வெகு குறைவு. ஆட்டுத்தொட்டியைச் சுற்றி இருக்கிறவர்களுக்குக் குடல் என்கிற போட்டி, ஈரல், மண்ணீரல் என்கிற சுவரொட்டி, தலைக்கறி, கால், ரத்தம் எல்லாம் சாப்பாடு. அறுக்கிற ஆட்டில் பெரிய ஓட்டலுக்குப் போகாத பாகங்கள் அவை, அதே சமயம் ஈரலும் சுவரொட்டியும் இரும்புச் சத்தும் வைட்டமின் பி12-ம் நிறைந்தவை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வஞ்சிர மீனும் வவ்வால் மீனும் கார் வைத்திருப்பவர்கள் கூடைக்குப் போகும், கவலை, காரப்பொடி, நெத்திலி மாதிரிச் சின்ன மீன்கள் தெருவுக்கு வரும். சத்துக் கணக்கில் கவலை மீன் வஞ்சிரத்துக்குக் கொஞ்சமும் இளைத்தது இல்லை, சின்ன மீனை முள்ளோடு மென்று தின்றால் கால்சியம் கூடுதலாகவே கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். அப்போது பல வீடுகளில் கருவாடுதான். அந்த வீடுகளில் போய் "நீங்கள் ஏன் மீன் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டீர்கள்" என்று கேட்டால், கடலைப் பார், விலையைப் பார் என்பார்கள். அங்கே கொள்கை எதுவும் இல்லை.

காசுக்கு அடுத்தது மருந்து என்கிற நம்பிக்கை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு, எலும்பு முறிந்தவருக்கு ஆட்டுக்கால் சூப்பு, சளிக்கு நண்டு ரசம், ரத்தம் குறைந்தவளுக்குச் சுவரொட்டி. இதில் சுவரொட்டியும் ஈரலும் உண்மையிலேயே வேலை செய்யும், அதில் உள்ள இரும்பை உடம்பு கீரையில் உள்ள இரும்பைவிட எளிதாக எடுத்துக்கொள்கிறது. சுறாப்புட்டு நல்ல புரதம், பால் சுரக்க வைக்கும் தனிச் சக்தி அதில் இருப்பதாகச் சொல்ல முடியாது, ஆனால் பெற்றவள் நன்றாகச் சாப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. ஆட்டுக்கால் சூப்பு எலும்பை ஒட்டவைக்காது. சூடாக இறங்கும், பசி எடுக்கும், அவ்வளவுதான். இதையெல்லாம் நோயாளிகளின் பாட்டிகளிடம் சொல்லும்போது நான் மெதுவாகத்தான் சொல்வேன், ஏனென்றால் அந்தச் சூப்பில் சத்தைவிடப் பிரியம்தான் அதிகம்.

உங்கள் அம்மா அழுவதும் இதனால்தான். நம் வீடுகளில் வாய் திறந்து "உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன்" என்று சொல்கிற பழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையில் நின்று "நெஞ்செலும்பா போடுங்க பாய், புள்ளைக்கு" என்று கேட்டு வாங்கி வருவதுதான் அந்தப் பேச்சு. ஆடிக் கூழ் என்றால் பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு, பெரியபாளையத்துக்கு வண்டி கட்டிப் போனால் நேர்ந்துவிட்ட கோழி, செத்த வீட்டில் கருமாதி முடிந்ததும் கறிச்சோறு. பக்ரீத்துக்கு அறுக்கிற ஆட்டை மூன்று பங்காக்கி ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தபந்தத்துக்கு, ஒன்று ஏழைகளுக்கு என்று கொடுக்கிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் ஆட்டுக்கறி பார்க்கிற வீடுகள் மண்ணடியிலும் உண்டு, தண்டையார்பேட்டையிலும் உண்டு. கறி இங்கே பகிர்ந்து சாப்பிடுகிற பொருள். ஒருவர் வேண்டாம் என்றால் பங்கு வேண்டாம் என்று சொன்னதாகக் கேட்கிறது. 2003-ல் அரசு 1950-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்துக் கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று தடுத்தபோது கிராமத்து ஜனங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்காது, சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தை நீக்க வேண்டியதாயிற்று. சாமிக்கும் தங்களுக்கும் நடுவில் இருக்கிற ஒரு கொடுக்கல் வாங்கலில் யாரோ கை வைப்பதாகத்தான் அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

சரி, விடுகிறவர்கள் பக்கம் வருவோம்.

முழுக்க விட்டவர்களைவிடச் சில நாள் மட்டும் விடுகிறவர்கள்தான் நம் நாட்டில் மிகப் பெரிய கூட்டம். 2021-ல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பில் 39 சதவீத இந்தியர்கள் தங்களைச் சைவம் என்றார்கள், ஆனால் ஏதாவது ஒரு விதத்தில், அதாவது சில நாளிலோ சில வகையிலோ கறியைத் தவிர்க்கிறவர்களையும் சேர்த்தால் 81 சதவீதம் வந்தது. நம் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் வெள்ளி சமைக்க மாட்டார்கள், புரட்டாசி மாதம் தொட மாட்டார்கள், ஐயப்பனுக்கு மாலை போட்டால் கழற்றும் வரை கிடையாது, அம்மன் கோயிலில் காப்புக் கட்டினால் தெருவே அடங்கிவிடும். ராயபுரத்துக் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை கறி இல்லை, ஆனால் மீனுக்கு விலக்கு இல்லை, மீனவர் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். புரட்டாசியில் கோழி விலை இறங்குவதும் அது முடிந்த முதல் ஞாயிறு கறிக்கடை வாசலில் கூட்டம் தெருமுனை வரை நிற்பதும் எல்லோரும் பார்ப்பதுதான். புரட்டாசியில் வெயிலும் மழையும் மாறி மாறி வருவதால் செரிமானம் கெடும், அதனால்தான் முன்னோர்கள் வைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றும். அதற்கு ஆதாரம் எதுவும் நான் படித்ததில்லை. பெருமாளுக்காக ஒரு மாதம் நாக்கைக் கட்டுகிறேன் என்றால் அதுவே போதுமான காரணம், அதற்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிவிடத் தேவையில்லை. நமக்குப் பிடித்த ஒன்றைக் கொஞ்ச நாள் விட்டு இருக்க முடிகிறது என்பதில் ஒரு பெருமை இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பயத்தால் விடுகிறவர்கள் இன்னொரு கூட்டம், இதில்தான் உண்மையும் வதந்தியும் கலந்து கிடக்கிறது. 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் ஜோத்பூரிலிருந்து வந்த இறைச்சிப் பெட்டிகளைப் பிடித்து நாய்க்கறி என்றார்கள். சென்னை முழுக்கப் பிரியாணிக் கடைகளில் ஈ ஓட்டினார்கள். பரிசோதனையில் அது ஆட்டுக்கறி என்று வந்தது, ஆனால் நாய்க்கறி என்ற செய்தி போன வேகத்தில் இந்தச் செய்தி போகவில்லை. தெருவில் அண்டா வைத்து விற்கிற எத்தனையோ பேர் அந்த வாரம் நஷ்டப்பட்டார்கள், எல்லாம் ஒரு வதந்தியால்.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பதும் அப்படித்தான். என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர், மகள் சீக்கிரம் வயதுக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறார்கள். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஐந்து ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருகிற மாதிரித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது, தீவனமும் அதற்கேற்றது. பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. நோய் வராமல் இருக்கவும் சீக்கிரம் எடை ஏறவும் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் இருந்தது, மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்க வேண்டிய கொலிஸ்டின் மருந்தைக்கூடக் கலந்தார்கள். 2019-ல் மத்திய அரசு அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை போட்டது. அந்தக் கோழியின் வாழ்க்கையே வேதனைதான் என்று நீங்கள் வீடியோவில் பார்த்தது பொய் இல்லை. கால் தாங்காத அளவுக்கு வேகமாக எடை ஏறுகிற உடம்பு அது.

எண்ணூர் கதை வதந்தி இல்லை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்தது, படகும் வலையும் கறுத்துப்போயின. அதற்கும் முன்பிருந்தே அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்துகொண்டிருக்கிறது. எண்ணூர் இறாலும் நண்டும் ஒரு காலத்தில் பேர் சொல்லிக் கேட்டு வாங்கியவை. இன்று "எண்ணூர் இறாலா, வேண்டாம்மா" என்று வாங்குகிறவர்கள் ஒதுங்குகிறார்கள். ஒதுங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைக்குக் கொடுப்பதில் யாரும் பரிசோதனை செய்ய மாட்டார்கள். ஆனால் அந்த ஆற்றைக் கெடுத்தது இறால் பிடிக்கிறவர்கள் இல்லை, விற்காமல் கூடையோடு திரும்புவது மட்டும் அவர்கள். இதை நினைத்தாலே எனக்குப் பொறுக்காது.

இப்போது உங்கள் காரணத்துக்கு வருகிறேன், கொல்ல மனம் வரவில்லை என்பது.

இதை வடக்கிலிருந்து வந்த பழக்கம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். திருக்குறளில் புலால் மறுத்தலுக்கு ஒரு அதிகாரமே இருக்கிறது. "நான் கொல்லவில்லை, கடையில் வாங்கித்தானே சாப்பிடுகிறேன்" என்று நாம் எல்லோரும் சொல்கிற சமாதானத்துக்கு அந்த அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது: தின்பதற்காக வாங்குகிறவர்கள் இல்லை என்றால் விலைக்காகக் கறி தருகிறவர்களும் இருக்க மாட்டார்கள். இந்த விவாதத்தில் நான் கேட்டதிலேயே வலுவான வாதம் இதுதான். புத்தர் தன் துறவிகளுக்கு, தமக்காகவே கொல்லப்பட்டதைப் பார்க்காமலும் கேள்விப்படாமலும் சந்தேகப்படாமலும் இருந்தால் பிச்சையில் விழுந்த கறியை ஏற்கலாம் என்று இடம் கொடுத்தார். வள்ளுவர் அந்த வாசலையும் அடைத்துவிட்டார். கறி சாப்பிடுகிறவளான எனக்கு அதற்குச் சரியான பதில் இல்லை. ஆட்டுத்தொட்டியில் வெட்டுகிறவரின் கை நமக்காகத்தான் வேலை செய்கிறது, அவரைத் தீண்டாமல் ஒதுக்கிவிட்டு அவர் வெட்டியதை மட்டும் ருசித்துச் சாப்பிடுகிற மனுஷனைவிட, எனக்கு வேண்டாம் என்று முழுசாக விடுகிறவர் நேர்மையானவர்.

வள்ளலார் நம் பக்கத்து ஆள். சின்ன வயதிலிருந்து ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்தவர், கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்த் தியாகராஜரையும் பாடியவர். அவர் கறி சாப்பிடுகிறவர்களிடம் இனிமையாக இருந்தார் என்று நினைக்காதீர்கள், கொலையும் புலாலும் உடையவர்களைத் தன் கூட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் என்றே ஒரு பாட்டில் எழுதினார். அந்தக் கடுமை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதே பாட்டிலேயே அவர்களுடைய பசியைத் தீர்க்கச் சொல்கிறார். 1867-ல் வடலூரில் மூட்டிய அடுப்பில் சாப்பிட வருகிறவர்களிடம் சாதி கேட்பதில்லை, நேற்று என்ன தின்றாய் என்றும் கேட்பதில்லை. உயிர்மேல் இரக்கம் என்று தொடங்குகிறவர் முதலில் பசித்த மனிதனிடம்தான் போய் நிற்கிறார். சௌகார்பேட்டை ஜைனர்கள் மண்ணுக்குள் விளைகிற உருளைக்கிழங்கு, வெங்காயத்தைக்கூடத் தொடுவதில்லை, தோண்டும்போது சிற்றுயிர்கள் சாகும் என்று. இருட்டிய பிறகு சாப்பிடாதவர்களும் உண்டு. புழலில் பழைய ஆதிநாதர் கோயில் இருக்கிறது, தமிழ் பேசுகிற ஜைனர்கள் ஆரணி, வந்தவாசிப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். தன் வாயைக் கட்டுகிற கட்டுப்பாடு அது, அதற்கு நான் மரியாதை கொடுப்பேன்.

ஆனால் "சுத்தம்" என்கிற காரணம் இருக்கிறதே, அது தன் வாயைக் கட்டுவதோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுத் தட்டை எட்டிப் பார்க்கிறது. பெரம்பூரிலும் கொளத்தூரிலும் வீடு தேடிய யாரையாவது கேளுங்கள். வாடகை பேசி, அட்வான்ஸ் பேசி, கடைசியில் "நீங்க வெஜ்ஜா?" என்று வரும். அந்த ஒரு கேள்வியில் சாதி என்ன, மதம் என்ன, எந்தப் பேட்டையிலிருந்து வருகிறாய் என்பதெல்லாம் அடக்கம். எனக்கும் ஒரு வீட்டுக்காரர், மீன் வாசனை வந்தால் சாமி அறைக்கு ஆகாது என்று சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மீன் வாசனை சிலருக்குப் பிடிக்காது, அது நியாயம், எனக்கே சில வாசனை பிடிக்காது. ஆனால் அவர் முகத்தில் இருந்தது பிடிக்காமை இல்லை.

மாட்டுக்கறியில் இது முற்றிவிடும். தீண்டாமைக்கு மாட்டுக்கறி உண்பதே வேர் என்று அம்பேத்கர் 1948-ல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டார். பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பிராமணர்கள் பசுவதையைக் கைவிட்டு அதைப் புனிதமாக்கிய பிறகு, தொடர்ந்து உண்டுகொண்டிருந்த ஏழைகள் ஒதுக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். அதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் உண்டு, ஆனால் நம் தெருவில் இதன் நிழலைத் தினம் பார்க்கிறோம். வியாசர்பாடியில், புளியந்தோப்பில் பீஃப் பிரியாணிக் கடையில் சாயங்காலம் கூட்டம் நிற்கும், அதே கூட்டத்தில் சிலர் "வீட்ல சொல்லாதீங்க" என்பார்கள். கொஞ்சம் படித்து வேலைக்குப் போனதும் வீட்டில் சமைப்பதை நிறுத்திய குடும்பங்கள் உண்டு. மாட்டுமேல் இரக்கம் வந்து நிறுத்தியதாக ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை, அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்றுதான் நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கம், இது எங்கள் சாப்பாடு, இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்று அதையே தெருவில் வைத்துச் சமைக்கிறவர்களும் உண்டு. 2017 மே மாதம் அறுப்புக்காக மாடுகளைச் சந்தையில் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது அதை முதலில் நிறுத்தி வைத்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. என்ன சாப்பிடுவது என்பது ஒருவரின் தனிப்பட்ட உரிமை என்ற வாதம் அந்த வழக்கில் வைக்கப்பட்டது. 2022-ல் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடம் இல்லை என்றதும் எதிர்ப்பு வந்தது, விழாவும் தள்ளிப்போனது. ஆகவே தெருவில் "பெரிய எடத்து ஆளாயிட்டியா" என்று கேட்கிறவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கறியை விட்டவர்கள் அடுத்து எதை விடுவார்கள் என்று அவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்.

உடம்பு விஷயத்தையும் சொல்கிறேன், என் தொழில் அதுதானே. கறி இல்லாமல் நன்றாக வாழலாம். கறி சாப்பிட்டும் நன்றாக வாழலாம். புரதக் குறைவு வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை, நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் கொடுத்த கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். அறுபது கிலோ எடை என்றால் ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் பருப்பில் இருபத்திரண்டு கிராமுக்கு மேல், வேர்க்கடலையில் இருபத்தைந்து, சோயா உருண்டையில் ஐம்பதுக்குப் பக்கம். ஆனால் கறியை விட்ட பல பையன்கள் செய்வது என்னவென்றால் கறிக் குழம்பின் இடத்தில் ரசத்தை வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் கூட்டிவிடுகிறார்கள். அதற்குப் பேர் சோறு உணவு, சைவ உணவு இல்லை. பி12 மட்டும் தனி விஷயம், அது செடிகொடிகளில் கிடையாது. பாலும் தயிரும் முட்டையும் எடுத்தால் ஓரளவு வரும். புளித்த இட்லி மாவில் போதுமான பி12 இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாப்பிடுகிறவர்கள் பக்கமும் ஒன்று. உப்பிட்டு, புகைபோட்டுப் பதப்படுத்திய சாசேஜ், சலாமி வகையறாவை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் சேர்த்தது. தினம் ஐம்பது கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி அதற்கு அடுத்த வகையில், உண்டாக்கக்கூடும் என்ற இடத்தில் இருக்கின்றன. மாதம் இரண்டு முறை சாப்பிடுகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. தினம் இரவு பிரியாணி ஆர்டர் செய்கிறவர் யோசிக்கலாம்.

இதைவிட என்னை வாட்டுவது வேறு ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் அசைவம் சாப்பிடுகிற இதே மாநிலத்தில், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், குடற்புழு என்று அதற்குப் பல காரணம் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சட்டியைக் கவனித்துப் பாருங்கள். அரைக் கிலோ கறி. அப்பாவுக்கு நல்ல துண்டு, பையனுக்கு ஈரலும் நெஞ்செலும்பும், கடைசியில் அம்மா வழித்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார். கணக்கெடுக்க வருகிறவரிடம் நாங்கள் அசைவம் என்பார். அவர் தட்டில் விழுந்தது மசாலா மட்டும். பள்ளிக்கூடத்தில் முட்டை போடுவதை நான் இவ்வளவு தூரம் ஆதரிப்பதற்கும் இதுதான் காரணம். 1920-ல் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். அதை மாநிலம் முழுக்கப் பெரிதாக்கினார், 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. ஆளுக்கு ஒரு முழு முட்டை, பெண் குழந்தையின் தட்டிலும் முழு முட்டை. வீட்டுச் சட்டியில் நடக்காதது அங்கே நடக்கிறது.

அதனால் தம்பி, உங்கள் முடிவை மாற்றிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், உங்கள் சமையலில் குறை கண்டு நான் விடவில்லை, அந்தக் கோழியைப் பார்த்த பிறகு தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான் என்று. ஞாயிற்றுக்கிழமை அறையில் போய் உட்கார்ந்துவிடாமல் பந்தியில் உட்காருங்கள், மொச்சைக் கொட்டையோ சோயாவோ அதே மசாலாவில் ஒரு கரண்டி செய்யச் சொல்லுங்கள், செய்வார். உங்கள் பங்கு நெஞ்செலும்பையும் ஈரலையும் அம்மா தட்டில் நீங்களே எடுத்து வையுங்கள். ஆபீஸில் அடுத்த முறை யாராவது சுத்தம் என்று ஆரம்பித்தால், என் அம்மா இன்றைக்கும் மீன் குழம்பு வைக்கிறார், எங்கள் வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். முட்டையை எப்போதாவது என்று வைக்காமல் தினம் ஒன்று எடுக்க மனம் ஒப்பினால் நல்லது. ஒப்பவில்லை என்றால் தயிரைக் கூட்டுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு உடனே டீ குடிப்பதை நிறுத்துங்கள், கீரையில் எலுமிச்சை பிழியுங்கள், அப்போது இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். ஆறு மாதம் ஆகிவிட்டதால் ஹீமோகுளோபினும் பி12-ம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அம்மாவையும் கூட்டிப்போய் அவருக்கும் பாருங்கள். பி12 இருநூறுக்குக் கீழே வந்தால் சாப்பாட்டை வைத்துச் சரிக்கட்டப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.